செல்வராஜ் சுட்ட தோட்டா: ராஸ் அல் கைமாவுக்கு ஒரு நாள்

மருமக்களே, வலது கையை நெஞ்சில் வைத்து வாக்களிக்கிறேன்: இனி நான் எழுதப்போவதை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள். நம்பினால் அது உங்கள் குற்றம், என் குற்றமல்ல.

எழுபத்தாறாம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை. துபாயில் ஒரு வொர்க்‌ஷாப்பில் நானும் செல்வராஜும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தோம். இருவரும் கோயம்புத்தூர், ஒரே ரூம், ஒரே குக்கர். ராஸ் அல் கைமாவில் கல் குவாரி வைத்திருந்த அபூ ராஷித் என்ற பெரியவர் தன் பழைய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியைச் செல்வராஜிடம் ஒப்படைத்திருந்தார். துபாய் வருமுன் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் அவன். தோட்டா உட்காரும் அறையைக் கொஞ்சம் குடைந்து அகலமாக்கினால் கூடுதல் வெடிமருந்து பிடிக்கும், குண்டு வேகமாகப் போகும் என்று அவரிடம் சொல்லியிருந்தான். அதற்கான ரீமரையும், அதாவது குடையும் கருவியையும், தானே கடைந்து வைத்திருந்தான்.

அவருக்கு அந்த வேலை பிடித்துவிட்டால் குவாரியில் தொடங்கும் புது வொர்க்‌ஷாப்புக்கு அவன் ஃபோர்மேன். ஃபோர்மேனுக்கு வீடு உண்டு, ஃபேமிலி விசா உண்டு. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் அவளைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருந்தேன். துணைக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். அவன் வேலை தோற்பதைக் கண்ணால் பார்க்கத்தான் போனேன்.

காலை ஆறு பத்துக்கு துபாயின் தேரா பகுதியில் ஷேர் டாக்ஸி. தலைக்குப் பத்து திர்ஹாம். நூற்றைந்து கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பது நிமிடம். வெயில் எப்படி என்றால், பானெட்டில் வைத்த முட்டை உம்முல் குவைனில் குஞ்சாகி, ராஸ் அல் கைமா எல்லையில் கோழியாகி, இறங்கும்போது குழம்பாகிவிட்டது. என் பொறாமையை டிக்கியில் போட்டிருந்தால் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கியிருக்கும். அதனால் மடியில் வைத்துக்கொண்டேன்.

குவாரி ஜீப் எங்களை மலைக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர் கொண்டுபோனது. ஷெட்டில் செல்வராஜ் எண்ணெய் விட்டு, ரீமரைக் கையாலேயே திருப்பி, நிறுத்தி, துடைத்து, மறுபடி திருப்பினான். ஜும்மாவுக்கு முன் முடித்துவிட்டான். பெரியவர் தொழுகைக்குப் போனதும் ஒரு பழைய தோட்டாவை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தேன். ஆடியது! தோட்டாவின் கழுத்துக்குக் கீழே இடைவெளி. லேத்தில் கை வைத்தவனுக்கு ஆட்டம் என்றால் கெட்ட சகுனம். என் நெஞ்சுக்குள் நாதஸ்வரம் ஒலித்தது.

அவர் திரும்பி வந்ததும் ஓடிப்போய், எனக்குத் தெரிந்த இந்தியும் அரபியும் தமிழோடு கலந்து கொட்டினேன். "அர்பாப், முதலாளி, துப்பாக்கி கலாஸ், முடிஞ்சுது! பெருசா குடைஞ்சிட்டான். சுட்டா மூஞ்சி மாஃபி, மூஞ்சியே இருக்காது!"

அவர் செல்வராஜைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான். கோபமே இல்லை, அதுதான் எரிந்தது.

"ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?" என்றான். "தோட்டாவோட அடி விளிம்புதான் அதைப் பிடிச்சு நிறுத்துது. சுடும்போது பித்தளைக் கூடு ஊதி அறையோட அச்சுக்கு வந்துரும். கூட்டுக்கு வேற அச்சே வேண்டாம்டா, அறைதான் அச்சு."

"அப்படின்னா நீயே சுடு பாக்கலாம்," என்றேன்.

லாரி டயரில் துப்பாக்கியைக் கட்டி, விசையில் கயிறு கோத்து, பாறைக்குப் பின்னால் போனான். "பயந்துட்டான்," என்று பெரியவரிடம் சொன்னேன். கயிற்றை இழுத்தான். வெடிச் சத்தத்தில் ஈரானில் ஒரு டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை நழுவவிட்டார். மலைமேல் மூன்று ஆடுகள் மயங்கின. ஒன்று இன்னும் எழுந்திருக்கவில்லை.

துப்பாக்கி அப்படியே இருந்தது. காலிப் பித்தளைக் கூட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான், சூடாக. அறைக்குள் போகும்போது கழுத்தடியில் சரிந்த தோளோடு போனது, பட்டாளத்துக்குப் போய் வந்த பிள்ளை மாதிரி தோளை நிமிர்த்தி நின்றது. ஒரு கீறல் இல்லை. பெரியவர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அச்சா. கலாஸ். நீதான் ஃபோர்மேன்," என்றார் செல்வராஜிடம்.

நாலரைக்குத் திரும்பும் டாக்ஸி. ராம்ஸ் என்ற ஊர்ப்பக்கம் போகும் வளைவு தாண்டியதும் அவன் மெதுவாகக் கேட்டான்: "டேய், அங்க ரெண்டு லேத் வருதாம். உன்னையும் எடுத்துக்கச் சொல்லி அவர்கிட்ட கேட்டேன், சரின்னுட்டாரு. ஃபேமிலி விசாவும் உண்டு. வர்றியா?"

நான் குறட்டை விட்டேன். சாதாரணக் குறட்டையா? டாக்ஸியின் நான்கு கண்ணாடிகளும் கழன்று மணலில் விழுந்தன. பட்டாணியரான டிரைவர், "பாய், எஞ்சினா இவரா?" என்று இறங்கிப் பார்த்தார். உம்முல் குவைன் வந்ததும் செல்வராஜ் இன்னொரு தடவை கேட்டான். இன்னும் பலமாகக் குறட்டை விட்டேன். அவன் மூன்றாவது தடவை கேட்கவில்லை. அடுத்த மாதம் அவன் மனைவி வந்து இறங்கினாள். என் மகளை நான் பார்த்தபோது அவளுக்கு நான்கு வயது. என்னைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: இப்போது நல்ல சாலை, ஒரு மணி நேரப் பயணம். அக்டோபருக்கு மேல் போங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வெள்ளி மதியம் கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். கூட வருபவன் ஏதாவது கேட்டால் விழித்திருங்கள்.

முட்டை பொய். ஈரான் டம்ளர் பொய். ஆடுகள் பொய், அந்தக் குறட்டையும் பொய். அவன் இரண்டு தடவை கேட்டது மட்டும் நிஜம்.