தூளிக்கு அடியில் ஹீட்டர்

என் இடது கையில், முழங்கைக்குக் கீழே, வரிவரியாகக் கம்பி சுட்ட தழும்பு இருக்கிறது. பானுமதி கதை விடுகிறாள் என்று யாராவது சொன்னால் கையை நீட்டிக் காட்டிவிடுவேன். அதற்குமேல் வாதாட எனக்குப் பொறுமை கிடையாது. பேய், பிசாசு என்று பேசுகிறவர்களை மூஞ்சிக்கு நேராகக் கேலி செய்தவள்தான் நானும். போன மார்கழி வரைக்கும்.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம், ஒரு மாடி வீடு. என் தங்கை மணிமேகலையும் அவள் புருஷன் ரெங்கராஜும் ஐப்பசியில்தான் அங்கே குடிவந்திருந்தார்கள். கார்த்திகையில் அவளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோகூடத் தேறாது. கையில் எடுக்கவே பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உடம்பு சில்லுன்னு ஆகக் கூடாதும்மா. ஆச்சுன்னா புள்ள தாங்காது." எங்களுக்கு அம்மா இல்லை. பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளத் தென்னூரிலிருந்து நான்தான் போனேன்.

அந்த மாதம் மழையும் விடவில்லை, ஆற்றுக் காற்றும் விடவில்லை. ரெங்கராஜ் ஒரு ஹீட்டர் வாங்கி வந்தார். கரண்ட் விஷயத்தில் நான் விளையாட மாட்டேன். கடைக்காரருக்கு நானே போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். துணிமணிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்றார். சுவர் பிளக்கில்தான் சொருக வேண்டுமாம். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டுமாம். தூங்கப் போகும்போது அணைத்துவிட வேண்டுமாம். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன்.

அறை நடுவில், கூரையில், ஒரு இரும்புக் கொக்கி முன்பே இருந்தது. அதில் பழைய நூல் சேலையால் தூளி கட்டினோம். ஹீட்டரைத் தள்ளிக் கதவோரம் வைத்தேன். கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா ஆனந்தவள்ளி குழந்தை பார்க்க வந்தவள், அறைக்குள் காலே வைக்கவில்லை. வாசலில் நின்று மேலே பார்த்தாள்.

"இந்தக் கொக்கியிலயா கட்டுனீங்க?"

"ஏன், வேற எங்க கட்டுறது?" என்றேன். விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

முதலில் ஜன்னல். நான் திறந்து வைத்த ஜன்னல் காலையில் இறுக்கச் சாத்தியிருந்தது. இடுக்கில் துணி வேறு அடைத்திருந்தது.

"யாருடி ஜன்னலச் சாத்துனது? பச்ச உடம்புக்காரின்னு மூச்சு முட்டிச் சாகப் போறியா?"

"நான் எழுந்திருக்கவே இல்லக்கா."

அப்புறம் ஹீட்டர். கதவோரம் வைத்தது தூளிப் பக்கம் நகர்ந்திருந்தது. ரெங்கராஜைப் பிடித்து ஏசினேன். அவர் ராத்திரி டூட்டி முடிந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாவம், பேந்தப் பேந்த விழித்தார். அடுத்த நாள், குழந்தையின் ஈரத் துணிகள் ஹீட்டர்மேல் வரிசையாக விரித்துக் காயப்போட்டிருந்தன. ஒரு சுருக்கம் இல்லை. அவ்வளவு அக்கறையாக... யாரோ நீவி நீவி விரித்த மாதிரி. துணி ஓரம் கருகத் தொடங்கியிருந்தது.

தங்கையைத் தாறுமாறாகத் திட்டினேன். அவள் அழுதாள். அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்கே உள்ளுக்குள் தெரிந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து பேய் மழை. ரெங்கராஜ் டூட்டிக்குப் போய்விட்டார். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டோம். ஹீட்டர் சுவிட்சை நானே அணைத்தேன். அணைத்துவிட்டு ஒருமுறை தொட்டும் பார்த்தேன்.

விடியற்காலை, ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் விழிப்பு வந்தது. மார்கழியில் அந்நேரம் கோயில் மைக் அலறும். அன்று சத்தமே இல்லை. மழைகூட நின்றிருந்தது.

கிரீச்... கிரீச்...

கொக்கிச் சத்தம். கண்ணைத் திறந்தேன். அறை முழுக்கச் சிவப்பு.

ஹீட்டர் தூளிக்கு நேர் அடியில் இருந்தது. தகதகவென்று எரிந்தது. தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது.

லைட் சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை. பல்பு போய்விட்டது போல என்று நினைத்தேன். ஓடிப்போய் ஹீட்டரைப் பிடித்து இழுத்தேன்.

பின்னாலிருந்து என் கொண்டையை ஒரு கை பிடித்தது.

பிடித்த வேகத்தில் என் நெற்றியைச் சுவரில் மோதியது. ஒருமுறை. மறுமுறை. கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. திரும்பினேன்... யாரும் இல்லை.

மணிமேகலை அலறிக்கொண்டு எழுந்தாள். தூளிப் பக்கம் இரண்டடி வைத்தாள். அவளை எதுவோ தூக்கி பீரோவில் அடித்தது. வாய் கிழிந்து கீழே விழுந்தாள்.

தவழ்ந்து போனேன். மறுபடி ஹீட்டரைத் தொட்டேன்.

என் மணிக்கட்டை விரல்கள் பிடித்தன. ஐஸ் மாதிரி விரல்கள். என் கையை அப்படியே ஹீட்டர் கம்பியில் வைத்து அழுத்தின.

தோல் கருகும் வாசனை... என் தோல்.

தூளியின் அடிப்பக்கம் பழுப்பேறிப் புகைந்தது.

குழந்தை அழவில்லை.

எனக்கு வெறி வந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

"அடிப் பாவி, புள்ள வெந்துடும்டி. நீ பெத்ததா இருந்தா இப்பிடி நெருப்புல வைப்பியா?"

பிடி தளர்ந்தது.

தூளி நின்றது.

குழந்தையை வாரினேன். தங்கையை மறு கையால் இழுத்தேன். படியில் உருண்டும் விழுந்தும் இறங்கினோம். மேலே கதவு அடித்துச் சாத்தியது. ஹீட்டரைச் சுவரில் போட்டு உடைக்கிற சத்தம்... தடார்... தடார்... நடுநடுவே ஒரு பெண்ணின் அழுகை.

ஆனந்தவள்ளி கையில் மெழுகுவத்தியோடு கதவைத் திறந்தாள். என் ரத்தத்தைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை.

"முன்ன மேல குடியிருந்த ஒரு பொண்ணுங்க," என்றாள். "அதுக்கும் குறைமாசம்தான். புயல்ல ரெண்டு நாள் கரண்ட் இல்ல. புள்ள சில்லிட்டு தூளியிலயே போயிடுச்சு. பதினாறாம் நாள் அந்தச் சேலையிலயே... அந்தக் கொக்கியிலயே..."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா யாருங்க குடி வருவா?"

அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். என் கையும் தங்கையின் கையும் குளிரில் விறைத்திருந்தன. குழந்தை மட்டும் கதகதப்பாக இருந்தது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாதான் சூடா வச்சிருக்கீங்க," என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

காலை பத்து மணிக்கு, சாமான்களை எடுக்க, ரெங்கராஜோடு போனேன். தனியாக ஏற எனக்குத் துணிச்சல் இல்லை. தெருமுனையில் கம்பத்தடியில் நின்றிருந்த லைன்மேன் பெஞ்சமினையும் அழைத்துக்கொண்டேன். அணைத்த ஹீட்டர் எப்படி எரிந்தது, வயரிங்கில் ஏதாவது கோளாறா என்று பார்க்கச் சொன்னேன். பேயை விடக் கோளாறு என்றால் மனசு ஆறும் இல்லையா.

ஹீட்டர் நசுங்கிக் கிடந்தது. பெஞ்சமின் சுவரைப் பார்த்தார். சுவிட்ச் நான் அணைத்தபடியே அணைந்திருந்தது.

"எப்ப எரிஞ்சுதுன்னு சொன்னீங்க?"

"விடியக்காலைல. அஞ்சு மணிக்கு முன்னால."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இருக்காதேக்கா. ராத்திரி மரம் விழுந்து இந்தத் தெருவுக்கே லைன் அறுந்து போச்சு. நான்தான் கம்பத்துல ஏறுனேன். காலைல ஒன்பது மணிக்குத்தான் கரண்ட் விட்டோம்."

நான் கையைப் பார்த்தேன். கட்டுக்குள்ளே இன்னும் எரிந்துகொண்டிருந்தது.