வைக்கோல் கொட்டகையில் ஒரு சூப்பர்சார்ஜர்

சென்ற வெள்ளிக்கிழமை முற்பகல் ஜக்கரியா பாயின் மகள் தொலைபேசியில் பேசினார். "அத்தா மவுத்தாயிட்டாங்க, வக்கீல் சார்." நேரத்தையும் இடத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன், அது தொழில் புத்தி. மேற்கொண்டு என்ன கேட்பதென்று தெரியாமல், கடைசியாக ஏதேனும் சொன்னாரா என்றேன். "ஆம்புலன்ஸ்ல போறப்ப டிரைவரக் கூப்பிட்டாங்க. ஒரு சிலிண்டர் அடிக்கலப்பா, என்னை எறக்கி விட்டுட்டு மொதல்ல அதைப் பாருன்னாங்க." பிற்பாடு பார்த்ததில் அது உண்மையாகவே இருந்ததாம். எனக்கு இது கேள்விவழிச் செய்திதான். ஆயினும் ஐயமின்றி ஏற்கிறேன்.

திருவாரூர் – மன்னார்குடி சாலையில் அவருடைய பட்டறையை அறியாத வாகன ஓட்டி இருக்க முடியாது. கூத்தாநல்லூர்க்காரர், இளமையில் பினாங்கில் மோட்டார் வேலை கற்றவர். இவ்வஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் அவரை மெக்கானிக்காக அறிவீர்கள். நான் அவரை முதலில் பிரதிவாதியாகவே அறிந்தேன்.

பட்டறை நின்ற மனை மிராசுதார் நடேசனுடையது. மனைக்கு வாடகை கிடையாது. பதிலாக மிராசுதாரின் வண்டிகளை பாய் பார்த்துக்கொள்வார். பன்னிரண்டு ஆண்டுகளாக நீடித்த இந்த ஏற்பாட்டுக்கு எழுத்து ஆதாரம் ஒரு வரிகூட இல்லை. ஆட்சி மாறி, நிலத்தில் இருப்பவருக்குச் சாதகமான சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தபோது, மிராசுதாருக்கு அச்சம் பிறந்தது. முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்தார்: அது தமது வைக்கோல் கொட்டகை என்றும், ஜக்கரியா என்பவர் சென்ற தை மாதம் பூட்டை உடைத்து அதனுள் நுழைந்தார் என்றும்.

பாய் வாழ்நாளில் ரசீது எழுதியவரல்லர். "சீட்டு எழுதிக் குடுத்தா, வண்டிக்காரர நான் நம்பலன்னு ஆயிடும் சார்" என்பார். சாட்சி சொல்ல முன்வந்த விவசாயத் தொழிலாளர்களோ அறுவடைக் கூலிக்காக அதே மிராசுதாருடன் தகராறில் இருந்தார்கள். விரோத சாட்சியம் என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவார்கள். பட்டறை போனால் அவருக்கு வேறு பிழைப்பில்லை என்பதை நான் அறிவேன். வழக்கு தேறாது என்பதையும் அறிந்திருந்தேன்.

இந்நிலையில் ஒரு காலை மிராசுதாரே பட்டறைக்கு வந்தார். அவரிடம் யுத்தத்துக்கு முந்தைய ஆங்கிலேய பந்தய கார் ஒன்று இருந்தது. என்ஜினுக்குள் காற்றைத் திணித்து ஊட்டும் சூப்பர்சார்ஜர் அதில் உண்டு; பாய் அதைத் துருத்தி என்பார். அது தேய்ந்து, வண்டி இளைத்துவிட்டது. முந்தைய நாள் ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் ஆளுங்கட்சிக் கொடி கட்டிய ஜீப் ஒன்று அதை முந்திச் சென்றிருக்கிறது.

"பாய், கேஸ வக்கீலுங்க பாத்துப்பாங்க. வண்டிய நீங்க பாருங்க. அந்த ஜீப்பு இனிமே என் பின்னாடிதான் வரணும்."

"அப்ப பெரிய துருத்தியா மாட்டிடலாங்க" என்றார் பாய்.

இறைவைக்காக மிராசுதார் ஏலத்தில் எடுத்துத் துருப்பிடிக்க விட்டிருந்த படகு டீசல் என்ஜினிலிருந்து அந்தப் பெரிய துருத்தி கிடைத்தது. அது வேகமாகச் சுழல்வதற்காகச் சிறிய புல்லியைக் கடைந்தார். காற்று மிகுந்தால் என்ஜின் மூடியான ஹெட் பிளந்துவிடும் என்பதால், என்ஜினின் அழுத்தத்தைக் குறைக்கத் தடித்த செப்புத் தகட்டில், மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டை வெட்டினார். "பலம் ஏத்தணும்னா மொதல்ல கொஞ்சம் எடம் விடணும் சார்" என்றார். மிராசுதார் ஆறு வாரமும் எண்ணெய் டின் ஒன்றின் மேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழக்குத் தினங்களில் மட்டும் இருவரும் தனித்தனி பஸ்ஸில் கோர்ட்டுக்கு வந்தார்கள்.

எதிர்வாதம் தயாரிக்கப் பிராது நகலைக் கேட்டேன். பாய் கொடுத்த நகலில் மூன்றாம் பக்கத்தின் ஓரம் முழுவதும் இல்லை.

"துருத்திக்குள்ள ரெண்டு உருளை சுத்துது சார். நடுவுல தாள் கனம்தான் சந்து இருக்கணும். அளந்து பாக்க நல்ல தாளா கைக்குக் கிடைச்சது இதான். ஓரத்ததான் வெட்டுனேன், எழுத்தத் தொடல."

அதைவிடப் பேராபத்து அடுத்த பக்கத்தில் இருந்தது. சந்து பொருந்தியதன் அடையாளமாகப் பென்சிலால் "சரி" என்று எழுதியிருந்தார், பூட்டை உடைத்ததாகக் குற்றம் சாட்டும் பத்திக்கு நேராக. எங்கள் தரப்பு நகலில் எங்கள் கட்சிக்காரர் எழுதியதை அழிப்பது குற்றமாகாது என்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, அன்று பிற்பகல் முழுவதும் ரப்பரால் தேய்த்தேன்.

கார் கொட்டகைக்குள் இருக்கும்வரை அதுவே நம் சாட்சி, கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து பார்க்கும்வரை வேலையை முடிக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "முடிஞ்ச வண்டியக் கட்டி வச்சா அது பட்டறை இல்ல சார், மாட்டப் புடிச்சு அடைக்கிற பவுண்டு."

விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு கார் புறப்பட்டது. நாதஸ்வரக்காரர் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதுபோல ஒரு கீச்சொலி எழும்பியது. அடுத்த கணம் மிராசுதாரின் மேல்துண்டு மட்டும் பாலத்தில் கிடந்தது. எங்களிடமிருந்த ஒரே சாட்சி அந்த வேகத்தில் கைவிட்டுப் போயிற்று.

விசாரணையன்று மிராசுதார் கூண்டில் ஏறி, வைக்கோல் கதையைப் பிசகாமல் சொன்னார். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடாது என்பது நான் மீறாத விதி. பாய் என் அங்கியைப் பின்னாலிருந்து இழுத்தார்.

"பெரிய துருத்திய யாரு மாட்டுனான்னு கேளுங்க."

"மெட்ராஸ் ஆள் என்பார். அத்தோடு முடிந்தது."

"நெலத்தப் பத்திப் பொய் சொல்லுவாரு சார். வண்டியப் பத்திச் சொல்ல மாட்டாரு."

கேட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, சம்பந்தமற்ற கேள்வி என்று ஆட்சேபித்தார். ஒரு வாரமாகத் தம் வீட்டு வாசலில் அந்தக் கீச்சொலியைக் கேட்டுவந்த முன்சீப், ஆட்சேபணையை நிராகரித்தார். மிராசுதார் தம் வக்கீலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார்.

"பாய்தான். வேற எவனால முடியும்? மெட்ராஸ்ல ஒரு பய கை வைக்க மாட்டேன்னுட்டான். பன்னண்டு வருஷமா அந்தக் கொட்டகைலதான் என் வண்டியப் பாக்குறாரு."

"அப்படியானால் வைக்கோல் எங்கே இருந்தது?" என்றார் முன்சீப்.

"வைக்கோலா? பெட்ரோல் இருக்குற எடத்துல எவனாவது வைக்கோல் வப்பானா?"

மேற்கொண்டு கேள்வியில்லை என்று நான் அமர்ந்தேன். வெளியே வந்தபோது, மரத்தடியில் நின்ற காரின் அருகே மிராசுதார் பாயை நிறுத்தி, மூன்றாவது கியரில் லேசாக இருமுகிறது என்றார். தீர்ப்பு வரும்வரை பொறுங்கள் என்று நான் தடுப்பதற்குள் பானட் திறந்துவிட்டது. வழக்கு தள்ளுபடியாயிற்று. பாய் கடைசிவரை அதே கொட்டகையில்தான் வேலை பார்த்தார்.

அதன்பின் எந்தச் சாட்சி கூண்டில் ஏறினாலும், இவர் எதைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார் என்றுதான் முதலில் யோசித்தேன். ஒருவருக்கு மாடு, ஒருவருக்குச் சமையல், ஓர் அம்மையாருக்குத் தம் வயது. பெரும்பாலும் அகப்பட்டது.

வெள்ளியன்று மாலை அடக்கம் முடிந்து வந்து அந்த வழக்கின் பழைய காகிதக் கட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்துக்கு ஓரமில்லை. பெருவிரல் ரேகையாக எண்ணெய்க் கறை இருக்கிறது. அவ்வளவு தேய்த்தும் "சரி" இன்னும் தெரிகிறது. இன்று அந்தச் சொல்லுக்கு என் தரப்பில் ஆட்சேபணை ஏதும் இல்லை.