கரும்பலகையில் என் மனைவி

சைகோனில் நான் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த நாட்களில் என்னை எதிர்த்துப் பேச ஓர் ஆள்கூட இல்லை. கேட்பதற்குச் சுகமான வாழ்க்கை மாதிரி இருக்கும். மனைவியும் மகளும் காரைக்காலுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்த எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. வீட்டில் சண்டை போடவும் ஆள் இல்லை, வகுப்பிலும் இல்லை.

நான் அந்த ஊருக்கு வாத்தியாராகப் போகவில்லை. ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் குமாஸ்தாவாகப் போனேன். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள், கம்பெனியும் கூடவே போயிற்று. பிறகு அமெரிக்கர்கள் வந்து இறங்கியதும் ஊரில் எல்லோருக்கும் திடீரென்று ஆங்கிலம் தேவைப்பட்டது. கும்பகோணத்துக் காலேஜில் நான் அரைகுறையாகப் படித்த இங்கிலீஷுக்கு அப்படி ஒரு மவுசு வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. மசூதிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் பள்ளியில் சாயங்கால வகுப்பு கிடைத்தது. டைப்பிஸ்ட் வேலை, மொழிபெயர்ப்பாளர் வேலை என்று ஆசைப்பட்டவர்கள் வந்தார்கள். எல்லோரும் வளர்ந்தவர்கள், பகலெல்லாம் எங்கோ உழைத்துவிட்டு வருகிறவர்கள்.

நல்ல மாணவர்கள்தான். ஆனால் நான் எதைச் சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள். ஒரு நாள் எரிச்சலில், சூரியன் மேற்கே உதிக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வகுப்பு முழுவதும் ஒரே குரலில், நல்ல உச்சரிப்போடு அதைத் திருப்பிச் சொன்னது. தவறு என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பலபேர் முன்னிலையில் வாத்தியாரை மறுத்துப் பேசினால் அவர் முகம் வாடிவிடுமாம். அதைவிட மோசமான காரியம் அங்கே வேறு இல்லை. இன்னொரு காரணமும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யாருக்கு வேண்டியவன் என்று யாருக்கும் தெரியாத சண்டைக்காலம் அது. அபிப்பிராயம் சொல்வது ஆபத்து.

இப்படியே போனால் இவர்கள் வேலைக்குப் போன இடத்திலும் எந்தப் பொய்யையும் அழகாக மொழிபெயர்ப்பார்களே ஒழிய, கேள்வி கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதனால் அரசியலுக்குப் பத்து மைல் தள்ளி இருக்கும் சின்னச் சின்ன விஷயங்களாகப் பொறுக்கினேன். பலகையில் ஒரு வாக்கியம் எழுதி நடுவில் கோடு கிழிப்பேன். நம்புவதற்கான காரணங்கள் இடப்பக்கம், சந்தேகப்படுவதற்கான காரணங்கள் வலப்பக்கம். முதல் வாக்கியம், மேஜைமேல் இருந்த மாம்பழம் இனிப்பானது என்பது. இனிக்கும் என்று பழக்காரி சொன்னதாக இடப்பக்கம் நானே எழுதினேன். வெகு நேரம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்தாள். முப்பது வயது இருக்கும். பழக்காரிக்குப் பழம் விற்றாக வேண்டும், அதனால் அவள் சொல்வதை அந்தப் பக்கம் எழுதக்கூடாது என்றாள். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு வகுப்பு மாறிவிட்டது. இன்று மழை வரும், எதிர்க்கடை முடிதிருத்துபவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று எதை எழுதினாலும் பிய்த்து எடுத்தார்கள். சிரித்தார்கள், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் ஒருவரை ஒருவர் மடக்கினார்கள். ஊரடங்கு நேரம் நெருங்குகிறது என்று நான்தான் அவர்களை விரட்ட வேண்டியிருந்தது. அவர்கள் போனதும் நாகூர்க்காரர் ஒருவர் நடத்திய சாப்பாட்டுக்கடையில் சாப்பிட்டுவிட்டு என் மாடி அறைக்குப் போவேன். அன்றைய பேச்சு அத்தோடு சரி.

அந்தக் கடைக்காரர் இலை போடும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: “ஊட்டுல எப்ப வர்றாஹ?” அடுத்த மாதம் என்று சொல்வேன். தன் தங்கையின் கல்யாணத்துக்கென்று போனவள் என் மனைவி. பிறகு மழைக்காலம், பிறகு மகளுக்குப் பள்ளிக்கூடம், பிறகு அவள் அம்மாவுக்கு முட்டிவலி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஊருக்குப் போய் வருபவர்களிடம் சொல்லி அனுப்புவாள். நானும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளம்பி அங்கே போய்விடலாம் என்று ஒரு தடவை தோன்றும். நான் போய் இறங்கும் நேரம் பார்த்து அவள் இங்கே வந்து இறங்கினால் என்ன செய்வது என்று அடுத்த நிமிடமே தோன்றும். அவள் வருவாள் என்ற நம்பிக்கை ஒன்றுதான் என்னை அந்த ஊரில் உட்கார வைத்திருந்தது.

ஒரு நாள் பலகையில் எழுத எந்த வாக்கியமும் அகப்படவில்லை. யோசிக்காமல், என் மனைவி விரைவில் திரும்பி வருவாள் என்று எழுதிவிட்டேன். இடப்பக்கம் மளமளவென்று நிரம்பும், வலப்பக்கம் காலியாக இருக்கும், அவர்களுக்கும் நல்ல பயிற்சி என்றுதான் நினைத்தேன்.

கிளம்பும்போது அவள் என்ன சொன்னாள் என்று ஒரு பையன் ஆர்வமாகக் கேட்டான். விமான நிலையத்தில் அவள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருந்தது. “போயிட்டு வர்றேங்க. ரசப்பொடி டப்பாவுல இருக்கு, நமுத்துப் போறதுக்குள்ள தீத்துடுங்க” என்றாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். திரும்பி வருவேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள் என்று வகுப்புக்கு ஒரே சந்தோஷம். பையன் ஓடிவந்து இடப்பக்கம் எழுதினான்.

மருந்துக்கடைப் பெண் எழுந்தாள். உங்கள் ஊரில் புறப்படும்போது எல்லோரும் இப்படித்தான் சொல்வார்களா என்று கேட்டாள். ஆமாம், போகிறேன் என்று சொல்வது அபசகுனம் என்றேன். திரும்பி வராதவர்களும் இதையேதான் சொல்வார்களா என்று கேட்டாள். எனக்கு என் பெரியப்பா ஞாபகம் வந்தது. அவர் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் மடகாஸ்கருக்குக் கப்பல் ஏறினார். பிறகு ஊர்ப்பக்கமே வரவில்லை. ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

“அப்படியானால் அது சாட்சி இல்லை, சார். மரியாதை” என்றாள்.

நான் விடவில்லை. அவளுடைய இட்லிப்பானை இன்னும் என் அறையில்தான் இருக்கிறது என்றேன். அது என்ன பாத்திரம் என்று விளக்கியதும், அது இந்தியாவில் கிடைக்காதா என்று யாரோ கேட்க, நான் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் அடுத்த கேள்வியைக் கேட்டாள். விட்டுப்போனது இருக்கட்டும், எதை எடுத்துக்கொண்டு போனார்கள்?

பட்டுப்புடவை, நகை என்றேன். கல்யாணத்துக்குப் போகிறவள் எடுத்துப் போவதுதானே. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை மாதம் அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அதுவல்லவே. குத்துவிளக்கு என்றேன். அவளுக்குத் தாய்வீட்டில் சீராகக் கொடுத்தது, தினமும் சாயங்காலம் வீட்டில் ஏற்றுவது என்று விளக்கினேன். கல்யாண வீட்டில் விளக்கு இருக்காதா என்று மருந்துக்கடைப் பெண் மெதுவாகக் கேட்டாள். பெட்டியில் அடங்காத அந்த விளக்கைத் துணியில் சுற்றி விமான நிலையம்வரை தூக்கிக்கொண்டு போனவனே நான்தான். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அன்று வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

அடுத்த வகுப்புக்கு நான் நுழையும்போதே பலகை நிறைந்திருந்தது. அதே வாக்கியத்தை மறுபடி எழுதி, இடப்பக்கம் மட்டும் நிரப்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து விளக்கினார்கள். விமானங்கள் குறைந்துவிட்டன, அதனால் தாமதம். சண்டையைப் பற்றி இந்தியப் பத்திரிகைகள் கூட்டி எழுதுகின்றன, அதனால் பயம், அது போய்விடும். மகளுக்குப் பரீட்சை முடிய வேண்டும். சார் மறுபடியும் கூப்பிட வேண்டும் என்று அவர் மனைவி எதிர்பார்க்கிறார்கள். ஒவ்வொன்றிலும் யானை நுழையும் அளவுக்கு ஓட்டை. அது அவர்களுக்கும் தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. என்மேல் இருந்த பிரியத்தில் நான் கற்றுக்கொடுத்ததையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மாடி அறையில் ஒற்றை ஆளாக இருக்கும்போதுகூட நான் அவ்வளவு தனியாக உணர்ந்ததில்லை. ஆங்கிலப் பிழைகளை மட்டும் திருத்திக்கொண்டிருந்தேன்.

மருந்துக்கடைப் பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. உனக்கு என்ன காரணம் கிடைத்தது என்று கேட்டேன். எழுந்தாள்.

“தேடினேன், சார். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை” என்றாள். பிறகு பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “என் கணவர் ராணுவத்தில் இருந்தார். மலைப்பக்கம் அனுப்பினார்கள். ஒரு வருடமாகச் சேதி இல்லை. நானும் வீட்டில் இப்படிக் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். இந்த இடப்பக்கம்தான் நிறைய எழுதினேன். அவர் வரவில்லை.”

அவளை உட்காரச் சொன்னேன். என் மனைவி வரமாட்டாள் என்று ஆங்கிலத்தில் வகுப்பைப் பார்த்துச் சொன்னேன். அதுவரை எந்த மொழியிலும் நான் சொல்லிப் பார்க்காத வாக்கியம் அது. சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அழுதேன்.