ஐஸ்கட்டியின் சட்டைப் பை

அக்காவின் கணவருக்கு லேப்பில் ஐஸ்கட்டி என்று பெயர். குளிர்பெட்டியில் ஐஸ் ஒரு விரல் குறைந்தாலும், கொண்டுவந்தவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, ரத்தத்தை மறுபடி எடுத்து வரச் சொல்லுவார்.

அத்தான் அப்படிக் கட்டிக் காத்தது காம்ப்ளிமென்ட் என்னும் நிரப்புப் புரதங்களை. கிருமி வரும்வரை அவை ரத்தத்தில் சும்மா மிதக்கும். வந்ததும் ஒன்று அடுத்ததை வெட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை. கடைசியில் வருபவை வளையமாகக் கூடிக் கிருமியின் தோலில் ஓட்டை போடும்; கிருமி உப்பி வெடிக்கும். இத்தனை பராக்கிரமமும் உடம்புக்குள்தான். வெளியே கொஞ்சம் சூடு பட்டால் போதும், ஒன்றுக்கும் உதவாது; அளந்தால் குறைவாகவே காட்டும்.

அக்காவுக்கு லூபஸ். இந்தப் படை ஆள் தெரியாமல் அவள் சிறுநீரகத்தையே அடிக்கும் நோய். உள்ளே சண்டை நடந்தால் புரதம் செலவாகி அளவு இறங்கும். இறங்கினால் பழைய மருந்துதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மருந்தில் கொட்டிய முடி இப்போதுதான் காதுவரை வளர்ந்திருந்தது.

அன்று அவளுடைய ரத்த மாதிரியை, அளவு பார்க்கும் மிஷின் இருந்த எதிர்க் கட்டடத்துக்குக் கொண்டுபோக பியூன் குளிர்பெட்டியோடு வந்தார்.

"என் பொண்டாட்டி ரத்தத்த இந்தாளு குலுக்கிக்கிட்டுப் போறதா?" என்று அத்தானே குழாயைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். வழியில் லிஃப்ட் நின்றுபோய்ப் புழுக்கத்தில் வெகுநேரம் மாட்டிக்கொண்டார். வேறு யாராவது அப்படிக் கொண்டுவந்திருந்தால் மிஷின் பார்க்கும் பெண் திருப்பி அனுப்பியிருப்பாள். ஐஸ்கட்டியிடம் ஐஸ் எங்கே என்று கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அளவு அதலபாதாளத்தில் இருந்தது. அக்கா கண்ணாடி முன்னால் முடியைக் கோதிக்கொண்டே அழுதாள். அத்தான் திடீரென்று துள்ளினார்.

"அடியே, என் தப்புடி! பையில வச்சு வேக வச்சுட்டேன். நான் ஒரு மடையன்!"

தன் தப்பை அவர் ஒப்புக்கொண்டு அன்றுதான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக யாரும் தன்னையே திட்டிக்கொண்டதில்லை. லேப்பில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொன்னார். "நீயும் திட்டுடா மச்சான்!" என்றார். கிடைத்த வாய்ப்பை விடுவேனா?

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை குழாய் ஐஸில் கழுத்துவரை புதைந்து போனது. முடிவு மாலையில் வந்தது. அதிலும் அளவு தரையைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஐஸ் பத்தலையோ என்னவோ. இல்லன்னா நான்தான் எங்கயோ..." என்று அத்தான் இழுத்தார்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலங்க," என்றாள் அக்கா.

அதைக் கேட்டுத்தான் அவர் அழுதார்.