நெத்திலிக்கு வேலை செய்த துரை

காளியம்மா யாரையும் மதித்தவள் இல்லை. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய காலத்தில், கணக்கெழுதும் கிராணியைக் கண்டால் எச்சிலைக் கூட்டித் துப்புவாள். வேலை வாங்கும் தண்டலைக் கண்டால் அந்த எச்சிலும் வீண் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மழை நாளில் மேட்டிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து எழுந்தபோது இடது கால் விளங்காமல் போயிருந்தது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் மகனோடும் மருமகள் மாரியம்மாவோடும் ஈப்போ புந்தோங்குக்கு வந்தாள். கக்கத்தில் ஊன்றுகட்டை. எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். கொல்லைப்புறம் போகவும் மருமகளைத்தான் கூப்பிட வேண்டும்.

எண்பத்திரண்டாம் வருஷத் தைப்பூசத்தில், கோயில் வாசல் ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றாள். கேட்காமலே நாலு பேர் ஓடி வந்து அரிசி மூட்டை மாதிரித் தூக்கிவிட்டார்கள்.

"பாவம் லா இந்தம்மா!"

அதில் ஒருவர் கோயில் கமிட்டிக்காரர். தூக்கும்போதே அவர் கண் போட்டோ பிடிக்கிறவனைத் தேடியது. இறக்கிவிட்டபோது அவர்களுக்குப் புண்ணியம் சேர்ந்திருந்தது. அவளுக்குச் சேலை கலைந்திருந்தது.

"நாலு பேரு தூக்க நான் இன்னும் சாகல. அடுத்த பூசத்துக்கு எவன் கையும் படாம இந்த வாசலுக்கு வாரேன். பாத்துக்க" என்று முருகனிடம் சொன்னாள். வேண்டுதல் மாதிரியே இல்லை.

தோட்டத்து மேனேஜர் பங்களாவில் நாய்களைப் பழக்கிய டொமினிக் இப்போது அடுத்த தெருவில் இருந்தார். விஷயம் கேள்விப்பட்டு ஒரு பெரிய நாயோடு வந்தார். பங்களா அல்சேஷனுக்கும் கூலிக்காரர் லயத்து நாய்க்கும் பிறந்த வாரிசு அது.

"காவலுக்கு இங்க என்னடா கொட்டிக் கெடக்கு?"

"காவலுக்கு இல்லக்கா. நீ ஊனி எந்திரிக்க. பேரு நீயே வச்சிக்க."

அவள் நாயின் மூஞ்சியை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பன் பங்களாவுல தின்னவன்தானே? துரைன்னு வை."

பழைய தோல் வாரில் மரப்பிடி ஒன்றைத் தைத்து டொமினிக் நாய்க்குப் பூட்டினார். "நடு முதுகுல அமுக்காதக்கா, அதுக்கு ஒடிஞ்சிரும். தோளுக்கு மேல புடி." அவள் 'நில்லு' என்றால் துரை நாலு காலையும் அகட்டி அசையாமல் நிற்க வேண்டும். கட்டை விழுந்தால் கவ்வித் தர வேண்டும். செய்த ஒவ்வொரு வேலைக்கும் உடனே ஒரு நெத்திலி.

"கையோட கூலியா? நமக்கு எந்தத் துரை இப்படிக் குடுத்தான்?" என்று நெத்திலியை விட்டெறிவாள். "தின்னு, தின்னிப்பயலே!"

ஒரு காலையில் யாரையும் கூப்பிடாமல் கொல்லைக்குப் போய் வந்தாள். மாரியம்மா கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடுப்படியில் நின்றாள்.

தை பிறக்குமுன் பூச விரதம் வந்தது. வீட்டைக் கழுவிவிட்ட மாரியம்மா நெத்திலியை அக்கம்பக்கம் கொடுத்துவிட்டாள். காளியம்மா அவித்த கடலையை நீட்டினாள். துரை கடலையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது. தண்டலுக்கு அவள் காட்டிய அதே மூஞ்சி.

"ஸ்ட்ரைக் லா!" என்று டொமினிக் சிரித்தார். "என் வூட்ல நெத்திலி இருக்கு. நான் போடுறேன், நீ தொடாத."

"விரதத்துல திருட்டு மீனா? முருகன் பாக்க மாட்டாரா?"

"அப்ப நல்ல வார்த்தை சொல்லு. நான் பழக்குற நாய்க்கு மீனு பாதி, பேச்சு பாதி. நீ ஏசறதத் தவிர அதுக்கு என்ன குடுத்தே?"

"நாயக் கொஞ்சச் சொல்றியா?"

"கொஞ்சாட்டி போ, நாலு பேரு தூக்குவான்."

அன்று கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். மாரியம்மா காதை வைத்துக் கேட்டாள். உள்ளே வசவுதான், ஆனால் தாலாட்டுகிற குரலில். "எச்சக்கல நாயே... எந்திரிடா என் தங்கமே..." கொஞ்ச நேரத்தில் நாய் எழுந்து உடம்பை உதறும் சத்தம் கேட்டது.

தைப்பூசத்தன்று ஏற்றத்தில் மேளச் சத்தத்துக்குத் துரை மிரண்டது. "நில்லுடா கண்ணு" என்றாள். நின்றது. கமிட்டிக்காரர் ஆட்களோடு ஓடி வந்தார்.

"கைய எடு!"

"நாயோட கோயிலுக்கு வரலாமாம்மா?"

"அவன் வாசலோட நிப்பான். உன்னாட்டம் உள்ள பூந்து மாலை கேக்க மாட்டான்."

அவள் சொல்லியிருந்தது வாசல் வரைதான். வாசலில் பிடியை விட்டு, கட்டையை ஊன்றி, ஒரு கையால் கும்பிட்டாள். பிறகு குனிந்து, "நல்ல புள்ளடா" என்றாள்.

பின்னால் வந்த மாரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தன வருசமா நான்தானே உங்களத் தூக்கி எடுத்தேன்? எனக்கு ஒரு நாளு இந்த வார்த்தை வந்துச்சா?"

காளியம்மா மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ தூக்குனே. அவன் நின்னான்."

இறக்கத்தில் திரும்பியபோது, "இந்தப் பக்கம் வா" என்று மருமகளைக் கூப்பிட்டாள். "தூக்காத. சும்மா நில்லு."

மாரியம்மா நின்றாள். காளியம்மா அவள் தோளில் கை வைத்து அமுக்கிப் பார்த்தாள்.

"பரவால்ல லா. துரைக்கு அடுத்தபடி."