எஞ்சின்காரரும் ஒரு பல்பும்

எங்கள் எஸ்டேட்டில் மேனேஜர் பங்களாவுக்கு மட்டும் கரண்ட் தரும் டீசல் எஞ்சினை ஒருவர் பார்த்துக்கொண்டார். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் எண்ணெய்த் துணி. எதைக் கேட்டாலும் முதலில் அந்தத் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். பிறகு பெரிய வாத்தியார் மாதிரி பாடம் நடத்துவார்.

பங்களாவுக்குப் போகும் ஒயர் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீட்டுக்கு மேலேதான் போனது. பத்தாவது பரீட்சைக்குச் சிமினி விளக்கில் படித்த மகள், கண் எரிகிறது என்றாள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத நான், சாயங்காலம் எஞ்சின் ஓடும் நேரம் பார்த்துக் கூசிக்கொண்டே எஞ்சின் ரூமுக்குப் போனேன்.

"ஏனுங்க, பரீட்சை முடியற வரைக்கும் எங்க ஊட்டுக்கு ஒரு பல்பு குடுங்க."

விரல்களைத் துடைத்தார். "கரண்ட்டு என்ன கொழாத் தண்ணியா அம்மிணி? டீசல் எரிஞ்சு, எஞ்சின் ஓடி, அது டைனமோவைச் சுத்துனாத்தான் வரும். ஒரு பல்பு சேந்தாலும் எஞ்சினுக்கு நொம்ப பாரம்."

அவர் காலடியில் ஒரு மரப்பெட்டி. உள்ளே பல்பு எரிந்தது. சுற்றிலும் கோழிக்குஞ்சுகள்.

"அதுங்களுக்குச் சூடு வேணுமில்ல," என்றார். மறைக்கக்கூட இல்லை.

மகள் சிமினியிலேயே படித்துத் தேறினாள். பிறகு மேட்டூர் அணைத் தண்ணீரில் எடுத்த கரண்ட் மலையேறி லைன் வீடுகளுக்கும் வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் ரூமுக்கு மட்டும் இணைப்பு இல்லை. அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, அந்தச் சிமினி சும்மாத்தான கெடக்குது? குஞ்சுங்களுக்கு வேணும்."

கொடுத்தேன். அதைத் துடைத்துக்கொண்டே, "இது எப்புடி எரியுதுன்னா, மண்ணெண்ணெய் திரியில ஏறி..." என்று ஆரம்பித்தார், என்னிடம்.

ஒரு பல்பு கேட்க நான் அத்தனை கூசினேன். அந்த மனிதருக்கு எதற்காவது கூசியிருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.