யார் சொல்லி இவோன் கதவைத் திறந்தான்

பிரான்ஸின் பிரிட்டனிக் கடற்கரையில், மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற ஆலையில் வேலை பார்த்துச் சலித்துப்போய், இவோன் கெர்பிரா பிரெஞ்சுப் பாராசூட் படையில் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான். அங்கே முதலில் கற்றுக்கொடுத்ததே யோசிக்காமல் இருக்கத்தான். விமான வாசலில் நின்று யோசிக்கிறவன் குதிக்க மாட்டான். தோளில் தட்டு விழுந்தால் குதித்துவிட வேண்டும். இவோன் ஒருமுறைகூடத் தயங்கியதில்லை என்பதால் இருபத்தைந்தாம் டிவிஷனில் அவனுக்கு நல்ல பெயர். பிரான்ஸிடமிருந்து விடுதலை கேட்டுப் போராடிய அல்ஜீரியாவின் மலைக் கிராமங்களில் வீட்டுக்குள் நுழை என்றார்கள், நுழைந்தான். கொளுத்து என்றார்கள், கொளுத்தினான். அந்த வீட்டுக்காரர்களைப் பற்றி அவன் வாயே திறப்பதில்லை. திறந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

1961 ஏப்ரலில் மறுபடியும் லாரியில் ஏற்றினார்கள். அல்ஜியர்ஸில் கலவரம், அடக்கப் போகிறோம் என்றார் கேப்டன். போய் இறங்கினால் கலவரத்தைக் காணோம். பிரெஞ்சுக் குடியேறிகள் கார் ஹாரனை அடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஓர் அரசாங்கக் கட்டடத்தில் லு கொஃப் என்ற பிரெஞ்சு சார்ஜென்ட்டை அறைக்குள் பூட்டி, இவோனைக் காவலுக்கு நிறுத்தினார்கள். நம் ஆளை நாமே ஏன் பூட்டி வைக்கிறோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. கேட்டும் பழக்கமில்லை.

மறுநாள் சாயங்காலம் கட்டடத்திலிருந்த டிரான்சிஸ்டர்கள் எல்லாவற்றிலும் ஒரே குரல். பாரிஸிலிருந்து ஜனாதிபதி பேசினார். அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுக்கக் கூடாது என்று சில தளபதிகள் ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கிறார்கள், அவர்கள் உத்தரவை எந்தச் சிப்பாயும் நிறைவேற்றக் கூடாது என்றார். கேப்டனும் அந்தத் தளபதிகளின் ஆள்தான் என்று இவோனுக்கு அப்போதுதான் புரிந்தது. கேப்டன் பேச்சைக் கேட்டால் துரோகி, சிறை. கேட்காவிட்டால் கேப்டனே சுட்டாலும் சுடுவார். எப்படிப் பார்த்தாலும் ஊர் போய்ச் சேர வழியில்லை. பாவம், அவன் தோளில் தட்டத்தான் யாருமில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து லு கொஃப் பேசினார்.

"கேட்டியாப்பா? கதவைத் தெற."

"தெறக்கக் கூடாதுன்னு கேப்டன் சொல்லியிருக்காரே, சார்ஜென்ட்."

"ஒங்க கேப்டன் இப்ப கேப்டனே இல்ல. நான் இன்னும் சார்ஜென்ட்தான். தெற, இது உத்தரவு."

இவோன் திறந்தான். விறைப்பாக ஒரு சல்யூட்டும் வைத்தான். அவர் போன பிறகும் காலி அறைக்குக் காவல் நின்றான். அவனை யாரும் போகச் சொல்லவில்லையே.

இரண்டொரு நாளில் கலகம் பிசுபிசுத்துப்போனது. டிவிஷனையே கலைத்துவிட்டார்கள். கலகக்காரர்களுக்குக் காவல் நின்ற குற்றத்துக்காக இவோனை விசாரித்த கர்னல் இளகிய மனசுக்காரர். மனசாட்சிக்குப் பட்டது, திறந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பையனை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று பார்த்தார். இவனோ சார்ஜென்ட் உத்தரவு போட்டார், அதனால்தான் திறந்தேன் என்று சாதித்துக்கொண்டிருந்தான். கர்னலுக்குப் பொறுமை போய்விட்டது.

"யாரும் சொல்லல, நீயாத்தான் முடிவெடுத்தேன்னு சொல்லித் தொலைய்யா."

இவோன் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றான்.

"அது உத்தரவா, கர்னல்?"

கர்னல் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆமா. உத்தரவு."

"அப்ப நானாத்தான் முடிவெடுத்தேன், கர்னல்."